கோப்பில் இருந்த திட்டமும் வார்டில் நடந்ததும்

தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியராக இருக்கிறேன். கொரோனா வருவதற்குக் கொஞ்சம் முன்பு, 2019 அக்டோபரில், உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு வெளியானது. பெருந்தொற்றை எதிர்கொள்ள 195 நாடுகள் எவ்வளவு தயார் என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். 100-க்கு 83.5 எடுத்து அமெரிக்கா முதலிடம், 77.9 எடுத்துப் பிரிட்டன் அடுத்த இடம். நியூசிலாந்துக்கு 35-ஆவது இடம், வியட்நாமுக்கு 50-ஆவது இடம். உலகச் சராசரி மதிப்பெண்ணே 40.2 தான். அப்புறம் நடந்ததைப் பார்த்தோம். வியட்நாமில் 2020 ஜூலை கடைசி வரை ஒரு கொரோனா மரணம்கூடப் பதிவாகவில்லை. அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

அதற்காக அந்த மதிப்பெண்ணைக் குப்பை என்று தள்ள எனக்கு மனமில்லை. மக்களின் வயது வித்தியாசத்தையும் பதிவாகாத மரணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட 2023 ஆய்வு ஒன்றில், அதிக மதிப்பெண் பெற்ற நாடுகளில் இறப்பு குறைவாகவே தெரிந்தது. அதிலும் அமெரிக்கா மட்டும் பொருந்தாமல் நின்றது.

எங்கள் மருத்துவமனையிலும் திட்டம் இருந்தது, இன்ஃப்ளூயன்சாவை மனதில் வைத்து எழுதியது. படுக்கை எத்தனை, வென்டிலேட்டர் எத்தனை என்றெல்லாம் விவரமாக இருக்கும். அந்த வென்டிலேட்டரை இரவு முழுக்கக் கவனிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், அவர்களே தொற்று வந்து படுத்துவிட்டால் யார் வருவார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஸ்டோரிலிருந்து என்95 முகக்கவசப் பெட்டிகள் வந்தன. எலாஸ்டிக் இற்றுப்போய், இழுத்தவுடன் அறுந்தது. இருப்புப் பதிவேட்டில் அவையும் நல்ல சரக்காகத்தான் இருந்தன. முகத்தோடு ஒட்டிப் பொருந்தாவிட்டால் என்95 போட்டும் முழுப் பயன் கிடைக்காது, ஓரத்து இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வந்துவிடும். என் கூட வேலை பார்த்த பெண்கள் அறுந்த வாரை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் இடத்தில் எப்படி இருந்தது?

மறுமொழி 1

சிஸ்டர், நான் ஆய்வக டெக்னீஷியன். எங்களிடம் கொரோனாவைக் கண்டறியும் நல்ல பிசிஆர் இயந்திரம் இருந்தது. மாதிரியிலிருந்து வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கும் கிட் வரவில்லை, மாதிரி எடுக்கும் ஸ்வாப் குச்சி வரவில்லை. இயந்திரம் சும்மா கிடந்தது, மாதிரிகள் ஃப்ரீசரில் குவிந்தன. தயார்நிலைப் படிவத்தில் 'பரிசோதனை வசதி உண்டா' என்ற கேள்விக்கு எங்கள் பதில் 'உண்டு'.

தென்கொரியா செய்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2015-இல் மெர்ஸ் என்ற இன்னொரு வகைக் கொரோனா வைரஸ் நோய் வந்து 186 பேருக்குத் தொற்றி, 38 பேர் இறந்தார்கள். அந்த அடிக்குப் பிறகு, அவசரக் காலத்தில் பரிசோதனைக் கிட்டுகளுக்கு விரைவாக அனுமதி தரச் சட்டத்தையே திருத்தினார்கள். 2020 பிப்ரவரி 4-ஆம் தேதியே முதல் கொரோனா கிட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அனுப்பிய கிட்டுகளில் கோளாறு. மற்ற ஆய்வகங்கள் தாங்களே உருவாக்கிய பரிசோதனையை உடனே தொடங்க, அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ வழிவிட்டது பிப்ரவரி 29-இல்தான். பிரிட்டன்கூட 2016-இல் சிக்னஸ் என்று பெரிய ஒத்திகை நடத்தி, கடுமையான பெருந்தொற்றை அப்போதைய ஏற்பாடுகள் தாங்காது என்று அறிக்கையே எழுதி வைத்திருந்தது. எழுதியதோடு விட்டால் எப்படி?

மறுமொழி 2

நான் தொடர்புத் தடமறியும் குழுவில், அதாவது தொற்று வந்தவர் யாரையெல்லாம் சந்தித்தார் என்று விசாரிக்கும் குழுவில் இருந்தேன். போனில் கேட்க வேண்டிய கேள்விகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் நம்மை நம்பாவிட்டால் அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "யாரையும் பார்க்கவில்லை" என்று வைத்துவிடுவார்கள். பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும், வீட்டில் சாப்பாடு இருக்காது என்ற பயம். 177 நாடுகளை ஒப்பிட்டு 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது: மக்கள் அரசின் மேலும் ஒருவர்மேல் ஒருவரும் நம்பிக்கை வைத்திருந்த இடங்களில் தொற்று குறைவு, தயார்நிலைக் குறியீடுகளோடு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

எங்கள் பகுதியில் தனிமையில் இருப்பவர்களுக்குச் சம்பள ஈடும் வீட்டுக்கே சாப்பாடும் வரும் என்று அறிவித்து, அதைச் சொன்னபடி கொடுக்கவும் ஆரம்பித்தார்கள். பிறகு நாங்கள் கேட்பதற்கு முன்பே சிலர் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு போனை எடுத்தார்கள்.