புதுப்பிப்பு: மிஸ்டரி நத்தை முட்டைகள் பொரிந்துவிட்டன
மீன்தொட்டி மூடியில் மிஸ்டரி நத்தை (தொட்டியில் வளர்க்கும் ஒரு நன்னீர் நத்தை) ஒட்டிவைத்த இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தைத் தண்ணீருக்குள் இறக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றவர்களுக்கு ரொம்ப நன்றி. இந்த வகை முட்டை மூழ்கினால் கரு மூச்சடைத்துச் செத்துவிடும்.

பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்துவிடாமல் மூடியை நன்றாகச் சாத்திவைத்தேன், அவ்வளவுதான். பொதுவாக 2 முதல் 4 வாரம் பிடிக்கும். சூடு கூடினால் சீக்கிரம் பொரியும். கடைசியில் கொத்து சாம்பல் பூத்து, தொட்டாலே உதிர்ந்தது. அப்புறம் கடுகளவு குஞ்சுகள், முதுகில் ஓட்டோடு, ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. என்ன அழகு!

ஃபில்டர் உறிஞ்சிவிடாமல் அதன் வாயில் ஸ்பாஞ்ச் கட்டியாயிற்று. ஓடு கெட்டிப்படக் கணவாய் ஓட்டுத் துண்டு, தின்ன அவித்த கீரை.

வளர்ந்ததும் கேட்பவர்களுக்குத் தருகிறேன். ஆனால் தாமிரபரணியிலோ வாய்க்காலிலோ தயவுசெய்து விடாதீர்கள். இதன் உறவு நத்தைகள் பல நாடுகளில் நெற்பயிரைத் தின்று அழித்திருக்கின்றன.