60 அறை விடுதிக்குப் பச்சைவீட்டு வாயுக் கணக்கைப் பிரதேச சபை கேட்கலாமா?

கேள்வி: மலைச்சாரல்

நுவரெலியா மாவட்டத்தில் எங்கள் பிரதேச சபைக்கு, கைவிடப்பட்ட தேயிலை மலையொன்றில் 60 அறைகளைக் கொண்ட சுற்றுலா விடுதி கட்டுவதற்கான விண்ணப்பம் வந்துள்ளது. மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு கோரப்பட்டுள்ளது. கழிவுநீர் பற்றியும் பேசுகிறார்கள். ஆனால், விடுதியால் எவ்வளவு பச்சைவீட்டு வாயு வெளியேறும் என்று எவரும் கேட்கவில்லை. 2030 வரையான காலப்பகுதியில், வழமையான போக்கில் ஏற்படக்கூடிய வெளியேற்றத்தை 14.5 சதவீதத்தால் குறைப்பதாக இலங்கை 2021இல் உறுதியளித்தது. அதே சதவீதத்தை இந்த விடுதிக்கும் அளவுகோலாக வைக்கலாமா?

பதில் 1: பழைய உத்தியோகத்தர்

முதலில் சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அனுமதிக்கு முன் சுற்றாடல் பாதிப்பை ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் திட்டங்கள் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வர்த்தமானியில் பட்டியலிடப்பட்டன. அதில் விடுதிகளுக்கான எல்லை 99 அறைகளுக்கு மேல் அல்லது 40 ஹெக்டேயருக்கு மேல் என்பதாகும். பட்டியலின் எல்லைகள் அறை, ஹெக்டேயர், மெகாவாற்று போன்ற அளவுகளால் எழுதப்பட்டவையே தவிர, வாயுவின் தொன் அளவு எங்கும் எல்லையாக வைக்கப்படவில்லை. 60 அறைகள் என்ற எண்ணிக்கை தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. மலையில் இந்தக் கணக்கைப் பலர் நன்கு அறிந்திருக்கிறார்கள்.

எனினும் காணி அமைந்துள்ள இடத்தைப் பாருங்கள். மண் காப்புச் சட்டத்தின் கீழ் அரிப்புக்குள்ளாகக்கூடியதெனப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசத்திலோ காட்டு எல்லையை ஒட்டியோ அது இருந்தால், அறை எண்ணிக்கை எதுவாயினும் மதிப்பீடு தேவைப்படலாம். அதைக் கேட்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பதில் 2: வரைபடம்

14.5 சதவீதத்தை அப்படியே விடுதிக்குப் பொருத்துவது தவறு. கலிபோர்னியாவில் ஏறக்குறைய 20,000 வீடுகளைக் கொண்ட நியூஹால் ராஞ்ச் திட்டத்தில் இதே வழியைப் பின்பற்றினார்கள். வழமையான போக்கிலிருந்து 29 சதவீதம் குறைய வேண்டும் என்பது மாநிலத்தின் இலக்கு. தமது திட்டம் 31 சதவீதம் குறைவாக வெளியிடும், ஆகவே பாதிப்புக் குறிப்பிடத்தக்கதல்ல என்று மதிப்பீட்டில் எழுதினார்கள். 2015இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஏற்கவில்லை. மாநிலம் முழுவதற்குமான சதவீதம் புதிதாகக் கட்டப்படும் ஒரே ஒரு திட்டத்துக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று எங்கே என்பதே நீதிமன்றத்தின் கேள்வியாக இருந்தது.

தொன் கணக்கும் அவ்வளவு எளிதானதல்ல. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் காற்றுத் தர அமைப்பு 2010இல் ஒரு திட்டத்தின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்துக்கு ஆண்டுக்கு 1,100 தொன் என்ற எல்லையை வகுத்தது. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு உண்டாகும். உங்கள் விடுதி நாளொன்றுக்கு 100 லீற்றர் எரித்தாலும் ஆண்டுக்கு 100 தொன்னைத் தாண்டாது. அந்த எல்லையை இங்கே கடன் வாங்கினால் விடுதி எவ்விதத் தடையுமின்றி நுழைந்துவிடும். அந்த அமைப்பே 2022இல் தொன் எல்லையைக் கைவிட்டு, புதிய கட்டடத்தில் எரிவாயுக் குழாய் இருக்கக்கூடாது, வாகனப் பயணம் குறைய வேண்டும் என்பன போன்ற வடிவமைப்பு நிபந்தனைகளுக்கு மாறியது. நமது சபைகளுக்கு உகந்தது இந்த வழியே என்பது என் கருத்து.

பதில் 3: கிரவீலியா

நிபந்தனை விதிக்குமுன் எவற்றைக் கணக்கில் எடுப்பது என்று தீர்மானியுங்கள். மின்பிறப்பாக்கியும் வாகனங்களும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சரிவில் கட்டும்போது எழுப்ப வேண்டிய தடுப்புச் சுவர்கள் மறந்துபோகும். ஒரு தொன் சாதாரண சீமெந்தின் உற்பத்தியில் ஏறக்குறைய 0.8 முதல் 0.9 தொன் வரை காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. 50 கிலோ மூட்டைகள் ஆயிரம் போனால், முதல் விருந்தினர் வருமுன்பே 40 முதல் 45 தொன் வரை சேர்ந்துவிடும்.

அடுத்தது விறகு. கொதிகலனுக்கு விறகு எரித்தால் வெளியேற்றம் பூச்சியம் என்று ஆலோசகர்கள் எழுதுவது வழக்கம். உலர்ந்த விறகு ஒரு தொன் எரிந்தால் ஏறக்குறைய 1.7 தொன் காபனீரொட்சைட்டு வெளியேறும். நாடுகளின் எரிசக்திக் கணக்கில் அதைச் சேர்க்காதிருப்பதற்குக் காரணம், மரம் அழிந்த இழப்பு நிலப் பயன்பாட்டுக் கணக்கில் வரும் என்பதுதான். அந்த இரண்டாவது கணக்கை எவரும் எழுதாவிட்டால் விறகு உண்மையிலேயே மாயமாகிவிடுகிறது. ஆகவே விறகு எந்தத் தோப்பிலிருந்து வருகிறது, அங்கே மறுநடுகை உண்டா என்று கேளுங்கள். மலசலகூடக் குழிகளிலிருந்து வரும் மெதேனையும் விட்டுவிடாதீர்கள். நூறு ஆண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ, காபனீரொட்சைட்டின் 28 கிலோவுக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது.

பதில் 4: ஏழு பேர்ச்சஸ்

ஒரு வேண்டுகோள். இவ்விதி பொதுவான சுற்றறிக்கையாக மாறினால், தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து வெளியேறி ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு கட்டும் தொழிலாளியிடமும் அதே படிவத்தை நீட்டுவார்கள். அவர் ஏற்கெனவே காணி உறுதிக்கும் மண்சரிவுச் சான்றுக்கும் அலைந்துகொண்டிருக்கிறார். குடியிருப்பாளருக்கான தனி வீடுகளை விதியிலிருந்து நீக்க வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மலைச்சாரல்

அனைவருக்கும் நன்றி. சதவீதத்தைக் கைவிடுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் காணியின் எல்லையை மண் காப்புப் பிரகடனத்துடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சூரிய நீர்சூடாக்கி, விறகின் மூலம், தடுப்புச் சுவருக்கான சீமெந்தின் அளவு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் தரும்படி விண்ணப்பதாரரிடம் கோருமாறு தவிசாளருக்குக் கடிதம் கொடுக்கிறேன். தனி வீடுகள் பற்றிய வரி அக்கடிதத்தின் தொடக்கத்திலேயே இருக்கும்.