2.5 பிட்ச் மரை இரண்டாவது ஓட்டத்தில் விலகுகிறது, உதவுங்கள்

கணபதி, கோவை:
வணக்கம் அண்ணா. லேத் பட்டறையில் வேலை பழகுகிறேன். 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடில் 2.5 பிட்ச் மரை (அடுத்தடுத்த மரைகளுக்கு நடுவே 2.5 மி.மீ.) போட வேண்டும். முதல் ஓட்டத்தில் கோடு அழகாக விழுகிறது. ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் நட்) திறந்து, டூலைத் தாங்கும் கேரேஜைக் கையால் பின்னுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினால், டூல் பழைய கோட்டை விட்டுப் பக்கத்தில் கீறுகிறது. சில நேரம் சரியாகவும் விழுகிறது. இதே மிஷினில் 10 மி.மீ. போல்ட்டுக்கு 1.5 பிட்ச் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ராடைப் பிடிக்கும் சக்கில் அது நழுவுகிறதா?

சிங்காநல்லூர்:
லீட் ஸ்க்ரூ (கேரேஜை நகர்த்தும் நீள ஸ்க்ரூ) பிட்ச் என்ன தம்பி? ஹாஃப் நட்டை எப்போது பூட்டுவது என்று காட்டும் மரை டயல் இருக்கிறதா?

கணபதி:
6 மி.மீ. அண்ணா. டயல் இல்லை.

சிங்காநல்லூர்:
அப்படியென்றால் சக்கைச் சந்தேகப்பட வேண்டாம். 6-ஐ 1.5 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் எங்கே பூட்டினாலும் கோடு சேரும். 2.5 வகுக்காது. லீட் ஸ்க்ரூ 5 சுற்று சுற்றி, அதாவது கேரேஜ் 30 மி.மீ. நகர்ந்தால்தான் லீட் ஸ்க்ரூவின் மரையும் நீங்கள் போடும் மரையும் ஒன்றுசேரும். சில நேரம் சரியாக விழுவது அதனால்தான்.

மரை முடியும் வரை ஹாஃப் நட்டைத் திறக்காதீர்கள். ஓட்டம் முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, மிஷினை நிறுத்தி, ரிவர்ஸில் கொண்டுவாருங்கள். தொடங்கும் இடத்தைத் தாண்டி நாலைந்து மி.மீ. பின்னால் போகட்டும். லீட் ஸ்க்ரூவின் லூஸ் அங்கேயே தீர்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் மரை கெட்டுவிடும். புது ராடில் முதலில் லேசாகக் கீறி ஸ்கேல் வைத்துப் பாருங்கள்: 10 மரைக்கு 25 மி.மீ. வர வேண்டும்.

பெருந்துறை:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். சக்கை மரையில் திருகி மாட்டும் பழைய மிஷின் என்றால், ஓடும்போதே ரிவர்ஸ் போடாதீர்கள். சக் கழன்று கீழே விழும், கால் போய்விடும். முழுசாக நின்ற பிறகுதான் திருப்ப வேண்டும்.

கணபதி:
சரிங்ண்ணா. நீள மரைக்கு ரிவர்ஸில் ரொம்ப நேரம் ஆகுமே?

சிங்காநல்லூர்:
மிஷினை நிறுத்தி, சக் அசையாமல் ஹாஃப் நட்டைத் திறந்து, கேரேஜைச் சரியாக 30, 60, 90 என்று நகர்த்திப் பூட்டலாம். 1.75 பிட்சுக்கு இந்தக் கணக்கு 42 ஆகும்.

கணபதி:
ரிவர்ஸில் போட்டேன், கோடு விலகவே இல்லை. ஆழம் 1.53 மி.மீ. வரை கொடுத்தேன். ஆனால் நட் இரண்டு சுற்று ஏறியதும் இறுகுகிறது.

பெருந்துறை:
டூலைச் சென்டர் கேஜில் (டூலின் கோணம் பார்க்கும் தகடு) வைத்துப் பாருங்கள். பழைய பட்டறைகளில் இஞ்ச் மரைக்குத் தீட்டிய 55 டிகிரி டூல் கிடக்கும். உங்களுக்கு வேண்டியது 60. கோணம் சரி என்றால், ஆழம் கூட்டாமல் அதே அளவில் ஓரிரு ஓட்டம் எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். ராடு வளைந்து கொடுத்ததால் விட்டுப்போனதை டூல் எடுத்துவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கு, அதைத் தாங்கும் டெயில் ஸ்டாக் சென்டரும் கொடுங்கள்.