ஆள் கேட்டால் ஆதரவாளரைத் தருகிறார்கள்: பி.என்.ஏ. பயிற்சி தேவையா?

இரவுப்பணி:
எங்கள் வார்டிலிருந்து இரண்டு மூத்த செவிலியரைப் பி.என்.ஏ. (Professional Nurse Advocate, சக செவிலியருக்குத் துணை நிற்கும் ஆதரவாளர்) பயிற்சிக்கு அனுப்பப் போகிறார்கள். இங்கிலாந்தில் கோவிட் காலத்தில், 2021 மார்ச்சில், முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கென்று தொடங்கிய திட்டம் இது. முதுகலைத் தரத்தில் பத்து நாள் படிப்பு. படித்தவர் சக செவிலியரோடு உட்கார்ந்து, வேலை மனத்தில் ஏற்றிய பாரத்தைப் பேச வைக்க வேண்டும். இருபது செவிலியருக்கு ஒருவர் என்பது இலக்கு.

நான் எதிர்க்கிறேன். இரவில் 28 படுக்கைக்கு மூன்று பேர் நிற்கிறோம். பன்னிரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் குடித்தோமா என்பதே நினைவிருப்பதில்லை. ஆள் போட வேண்டிய இடத்தில் ஆறுதல் சொல்ல ஒருவரை வைத்தால், கோளாறு எங்கள் மனத்தில்தான் என்று ஆகிவிடாதா?

ஐ.சி.யூ. தம்பி:
அக்கா, ஆள் பற்றாக்குறை பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்க மாட்டேன். 'ஆறுதல்' என்பதை மட்டும் மறுக்கிறேன்.

போன வருடம், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்துப் பம்பில் 1.4 என்பதற்குப் பதில் 14 என்று அழுத்தினேன். ஓட விடுவதற்கு முன் பக்கத்துப் படுக்கை சிஸ்டர் பார்த்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பவப் படிவம் நிரப்பினேன், மேலாளர் கையெழுத்திட்டார், அவர்களுக்கு முடிந்தது. எனக்கு முடியவில்லை. எந்தப் பம்பைத் தொட்டாலும் எண்ணை மூன்று முறை வாய்விட்டுப் படித்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பினேன்.

எங்கள் பி.என்.ஏ. என்னை உட்கார வைத்து, "ஏன் தவறினீர்கள்?" என்று கேட்கவில்லை. "அந்த ஒரு நிமிடத்தில் உங்களைச் சுற்றி என்னென்ன நடந்தது?" என்றார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது: டியூட்டி மாறும் நேரம், முதுகுக்குப் பின்னால் இருவர் பேச்சுக் கொடுக்கிறார்கள், அலாரம் அடிக்கிறது. இப்போது எங்கள் பிரிவில் டியூட்டி மாறும் அரை மணி நேரத்தில் ஹெப்பாரின் சிரிஞ்சு மாற்றுவதில்லை, முன்கூட்டியே மாற்றிவிடுகிறோம். அந்த அறையில் பிறந்த யோசனை அது.

இரவுப்பணி:
உங்களுக்கு நல்லவர் வாய்த்தார், தம்பி. இங்கே பயிற்சிக்குப் போகும் இருவரில் ஒருவர் ரோஸ்டர் (பணி அட்டவணை) போடுகிறவர், என் வருடாந்தர மதிப்பீட்டை எழுதுகிறவர். விசாவே மருத்துவமனையின் கையில் இருக்கும் ஒரு பெண் அவரிடம் போய் "என்னால் முடியவில்லை" என்று சொல்வாளா?

பிரசவ அறை:
நீங்கள் கேட்டது நியாயம் அம்மா. எங்கள் மருத்துவச்சிகள் இதை அனுபவித்தவர்கள். 1902ஆம் ஆண்டுச் சட்டம் முதல் எங்களுக்கு மேற்பார்வை இருந்தது. தவறு நடந்தால் விசாரிப்பவரும் மேற்பார்வையாளர், தோள் கொடுக்க வேண்டியவரும் அவரே. விசாரிக்கப் போகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்? நோயாளிகளுக்கும் அதனால் நன்மை விளையவில்லை. இங்கிலாந்தின் மோர்கம் பே பகுதி மருத்துவமனையில் தாய்மாரும் குழந்தைகளும் இறந்ததை ஆராய்ந்த அறிக்கை 2015இல் வந்தது. அதன்பின் 2017 மார்ச் 31 அன்று அந்தச் சட்டபூர்வ மேற்பார்வை முடிவுக்கு வந்தது. விசாரணையைப் பிரித்துவிட்டு, ஆதரவை 'ஏ-ஈக்விப்' என்ற முறையாக எங்களுக்குத் தந்தார்கள். அதைத்தான் பிறகு உங்களுக்கும் கொண்டுவந்தார்கள்.

ஆகவே மதிப்பீடு எழுதுகிறவரே எதிரில் உட்கார்ந்தால் வாய் திறக்காதீர்கள். வேறு வார்டு ஆளைக் கேளுங்கள். நோயாளிக்கு ஆபத்து என்றால் அவர் வெளியே சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எல்லையை முதல் நாளே சொல்லாதவரை நம்பவும் வேண்டாம்.

ஐ.சி.யூ. தம்பி:
என்னிடம் பேசியவரும் வேறு பிரிவுக்காரர்தான். அவர் என் மேலாளராக இருந்திருந்தால் அந்த அலாரத்தைப் பற்றி நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

இரவுப்பணி:
ரோஸ்டர் போடுகிறவருக்குப் பதில் இன்னொருவரை அனுப்பச் சொல்லி மேட்ரனுக்கு இன்றே எழுதுகிறேன். இரவுக்கு நான்காவது ஆள் எப்போது என்பதும் அதே கடிதத்தில் இருக்கும். போன முறை இதுபோல ஒரு சந்திப்பை மூன்று தடவை ரத்து செய்தார்கள், மூன்று தடவையும் வார்டில் ஆள் இல்லை என்பதற்காக. பிரசவ அறை அக்கா, உங்கள் இடத்தில் இந்தச் சந்திப்புக்கான ஒரு மணி நேரத்தை ரோஸ்டரில் எப்படி எழுதுகிறார்கள்? சொல்லுங்கள், அதே வார்த்தைகளில் கேட்கிறேன்.