பெரிய காலிபர் ரிவால்வர் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி தோட்டக்காரன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பல வருடமாக அலாஸ்காவில் ஆங்கரேஜ் பக்கம் இருக்கிறார். கோடை வந்தால் கீனாய் ஆற்றுக்கு சால்மன் பிடிக்கக் கிளம்பிவிடுவார். மீன் ஏறும் காலத்தில் பழுப்புக் கரடியும் அதே கரைக்கு வரும் என்பதால், அங்கே மீன் பிடிக்கிறவர்கள் பலர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பெரிய ரிவால்வரைக் கட்டிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். இவரும் ஒன்று வாங்கப் போகிறார். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .500 வாங்குவதா, .44 மேக்னம் போதுமா என்று ஒரு மாதமாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். (இந்த எண்தான் காலிபர், குண்டின் விட்டம் ஏறக்குறைய அங்குலத்தில். மேக்னம் என்றால் கூடுதல் பலமான தோட்டா.)

என்னிடம் ஏன் கேட்கிறார் என்றால், போன வருடம் நான் போயிருந்தபோது அவர் நண்பருடைய .500-ஐ நானும் சுட்டேன். (விசிட்டர் விசாவில் போகிறவன் அங்கே துப்பாக்கியைத் தொட வேண்டுமானால் ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசன்ஸ் கையில் இருக்க வேண்டும். மச்சான் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்து வைத்திருந்தார். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.) நீளமான பேரல் வைத்தது, எடை இரண்டு கிலோ. தோட்டா நிரப்புகிற சிலிண்டரில் ஐந்தே ஓட்டை, ஒவ்வொன்றிலும் என் சுண்டுவிரல் நுழைந்தது. முதல் குண்டு போனபோது மேஜைமேல் வைத்திருந்த காலித் தோட்டா உறைகள் உருண்டு கீழே விழுந்துவிட்டன. மொத்தம் நான்கு தான் சுட்டேன். அப்புறம் இரண்டு நாள் டீ கிளாஸைப் பிடிக்கும்போதெல்லாம் பெருவிரல் அடியில் வலித்தது. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அந்த இரும்பின் கனமும், பின்னால் இருக்கிற ஹேமரை, அதாவது சுத்தியலை, இழுக்கும்போது சிலிண்டர் சுற்றிப் பூட்டிக்கொள்கிற அந்தச் சத்தமும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது என் விஷயம். அப்பா காலத்து 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று பயிர்க் காவல் லைசன்ஸில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் தேயிலைக்குள் காட்டெருமை நிற்கிறது, தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீட்டுப் பக்கம் கரடி வருகிறது, போன மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. நடந்து போகும்போது இடுப்பில் ஒரு .357-ஓ .44-ஓ இருந்தால் தைரியமாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரு டீலரிடம் விசாரித்தேன், பழைய இறக்குமதி ரிவால்வருக்குப் பல லட்சம் விலை சொல்கிறார். அவ்வளவு பணம் போட்டு வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? மச்சானுக்கு என்ன சொல்லட்டும்?

பழைய ஆர்மரர், வெலிங்டன் எழுதியது:

தம்பி, உங்கள் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஆயுதம் பழுது பார்த்தே சர்வீஸ் முழுக்க ஓட்டியவன் நான். நல்ல ரிவால்வரின் உள்ளே இருக்கிற வேலைப்பாடு மாதிரி வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையும் பேரலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பெரிய காலிபரில் அழுத்தம் அவ்வளவு இருந்தும் அது நிற்கிறது என்றால் அந்த இரும்பைச் செய்தவனைக் கும்பிட வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கைக்கு வரும் உதை தெரியும். நம்ம கான்பூர் .32 ரிவால்வரில் குண்டு ஆறு கிராம் சொச்சம், வேகம் நொடிக்கு 220 மீட்டர் போல. .44 மேக்னத்தில் பதினைந்தரை கிராம், 400 மீட்டருக்கு மேல். .500-இல் கிட்டத்தட்ட 23 கிராம், 560 மீட்டர். .32-ஐ ஒன்று என்று வைத்தால் .44 நாலரை மடங்கு, .500 ஒன்பது மடங்கு. துப்பாக்கியின் எடை மூன்று மடங்குதான் கூடுகிறது. ஆற்றலுக்கு ஒன்பதை ஒன்பதால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும், ஆகவே உங்கள் கை தாங்கவேண்டியது இருபத்தைந்து மடங்குக்கு மேல் போய்விடும். உங்கள் பெருவிரல் வலி அதுதான். பேரல் முனையில் வெட்டியிருக்கிற துளைகள் வாயுவை மேலே தள்ளி உதையைக் கொஞ்சம் குறைக்கும், அதற்குப் பதிலாகப் பக்கத்தில் நிற்பவன் முகத்தில் சத்தத்தை அறையும்.

இந்தத் தோட்டாக்களில் மெதுவாக எரிகிற வெடிமருந்து நிறையப் போடுவார்கள். எங்கள் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மருந்து எரிய இடம் வேண்டும். குட்டை பேரலில் ஒரு பகுதி வெளியே வந்துதான் எரியும், அந்தத் தீப்பிழம்பு இருட்டில் சுட்டவனின் கண்ணையே கட்டிவிடும். உங்களுக்குச் சாயங்காலம்தான் பயம் என்கிறீர்கள், யோசியுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் குண்டின் உதையில், சிலிண்டரில் மீதி இருக்கிற தோட்டாக்களின் குண்டு உறையை விட்டு மெல்ல முன்னால் நகரும். நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே தலை நீட்டினால் அப்புறம் சிலிண்டர் சுற்றாது. எடை குறைந்த துப்பாக்கியில் இது சீக்கிரம் நடக்கும். கரடி முன்னால் நிற்கும்போது துப்பாக்கி பூட்டிக்கொண்டால் கையில் இருப்பது வெறும் இரும்புத் துண்டு. மச்சானிடம் கட்டாயம் சொல்லுங்கள், எந்தத் தோட்டாவை நம்பி ஆற்றில் இறங்குகிறாரோ அதையே ஐந்தும் போட்டு, நான்கைச் சுட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து, முன்பைவிட நீளம் கூடியிருக்கிறதா என்று ஸ்கேலால் அளந்து பார்க்கட்டும். அப்புறம் சிலிண்டர் இடைவெளிப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே கூடாது. ரைஃபிள் பிடிக்கிற பழக்கத்தில் இடது கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் அங்கே பீறிடும் வாயு கத்தி மாதிரி சதையை அறுத்துவிடும்.

பேத்துப்பாறை மருமகள் எழுதியது:

நான் இப்போது கொடைக்கானல் பக்கம் இருக்கிறேன், அதற்கு முன் ஒன்பது வருடம் டெக்சாஸில். என்னுடைய சொந்தத் துப்பாக்கியாக .44 மேக்னம் வைத்திருந்தேன், ஆறரை அங்குலப் பேரல். அதனால் ஆசையைப் பற்றியும் அலுப்பைப் பற்றியும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஐடஹோவில் எல்மர் கீத் என்று ஒரு பண்ணைக்காரர், .44 ஸ்பெஷலில் இன்னும் பலமான தோட்டா வேண்டும் என்று வருடக்கணக்கில் எழுதி எழுதி நச்சரித்ததில் 1955-இல் வந்ததுதான் .44 மேக்னம். அதற்கு முன் 1935-இல் வந்த .357 பெரிது என்றார்கள். 2003-இல் .500 வந்தது. ஒவ்வொரு முறையும் முந்தையது சின்னதாகிவிடும். அந்த ஓட்டத்தில் நானும் கொஞ்ச நாள் இருந்தேன். சனிக்கிழமை காலையில் ரேஞ்சுக்குப் போய், மூச்சை அடக்கி, ஹேமரை இழுத்து, ஐம்பது மீட்டரில் இரும்புத் தகட்டை அடித்து அந்த டங் சத்தம் திரும்பி வரும்போது இருக்கிற சந்தோஷம் பெரிய சந்தோஷம். ஒரு குண்டு சுட்டுவிட்டு யோசிப்போம், அடுத்தது சுடுவோம். அந்த நிதானம்தான் எனக்குப் பிடித்தது.

கெட்டது எங்கே ஆரம்பித்தது என்றால், மூன்று மாதத்தில் எனக்குக் கண் சிமிட்டும் பழக்கம் வந்துவிட்டது. ட்ரிக்கரை அழுத்துவதற்கு முன்பே உடம்பு உதையை எதிர்பார்த்து மணிக்கட்டைக் கீழே தள்ளும். குண்டு மண்ணில் போய் விழும். கணவர் ஒருநாள் எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு காலி உறையைப் போட்டுக் கொடுத்தார். க்ளிக் என்று சத்தம் மட்டும் வந்தது, பேரல் முனை நாலு விரற்கடை கீழே குத்தியதை நானே பார்த்தேன். வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் அதே துப்பாக்கியில் .44 ஸ்பெஷல் போட்டுச் சுட ஆரம்பித்தேன். அதன் உறை கொஞ்சம் குட்டை, உதை பாதி கூட இல்லை, கை மறுபடியும் பழகியது. மேக்னம் வாங்கும் எல்லோரும் செய்ய வேண்டியது இதுதான். .454 காஸல் வைத்திருப்பவர்கள் .45 கோல்ட் போடுவார்கள், .500-க்கும் .500 ஸ்பெஷல் என்று ஒன்று உண்டு. குட்டை உறையைச் சுட்ட பிறகு சிலிண்டர் ஓட்டைக்குள் கரி வளையம் கட்டும், அதைத் தேய்த்து எடுக்காமல் நீள உறையை நுழைக்காதீர்கள்.

காது! காதுக்கு அடைப்பானும் அதன்மேல் மூடியும் இரண்டும் போட்டுத்தான் ரேஞ்சில் சுடுவோம். கரடி வரும்போது யார் காதை அடைத்துக்கொண்டு நிற்பார்கள்? என் ரேஞ்சில் ஒரு பெரியவர் ஒரே ஒரு முறை அடைப்பான் இல்லாமல் .44 சுட்டவர், இடது காதில் இரைச்சல் நிற்கவே இல்லை என்று சொல்வார்.

இன்னொன்றையும் கண்ணால் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு பையனிடம் நண்பர்கள் .500-ஐக் கொடுத்தார்கள், ஐந்தும் நிரப்பி. முதல் குண்டின் உதையில் துப்பாக்கி நெற்றிக்கு மேலே போனது, அதை இறுக்கிப் பிடிக்கப்போய் விரல் ட்ரிக்கரை மறுபடி அழுத்திவிட்டது. இரண்டாவது குண்டு கூரையில். யாருக்கும் அடிபடவில்லை, கடவுள் புண்ணியம். முதல் தடவை சுடுகிறவருக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக் கொடுங்கள். மச்சான் வீட்டுக்கு நண்பர்கள் வந்து கேட்டாலும் இதுதான்.

அவருக்கு என் வாக்கு .44-க்கு. நாலு அங்குலப் பேரல், ஒன்றேகால் கிலோவுக்குள் வரும், நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டு கிலோவைக் கட்டிக்கொண்டு போகிறவர் மூன்றாம் நாள் அதைக் காரிலேயே வைத்துவிட்டு ஆற்றில் இறங்குவார். அதோடு கரடி ஸ்ப்ரேயும் (மிளகாய்க் காரம் பீய்ச்சுகிற டப்பா) வாங்கச் சொல்லுங்கள். அலாஸ்கா சம்பவங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வில் ஸ்ப்ரே அடித்த பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம் செய்ததை நிறுத்திவிட்டன என்று இருக்கிறது. குறி பார்க்க வேண்டிய அவசியமும் குறைவு.

ஓவேலி வாசி எழுதியது:

தோட்டக்காரரே, நான் உங்கள் ஊர்ப் பாதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒன்று, காட்டெருமை, கரடி இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. உயிருக்கு ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் அந்த 1972 சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. வேட்டை என்று வழக்கு வந்தால் மூன்று முதல் ஏழு வருடம். இரண்டு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். இது வாங்கினால் உங்கள் கணக்கு முடிந்தது. மூன்று, .32-க்கு இங்கேயே தோட்டா செய்கிறார்கள், .44-க்கு எங்கே போவீர்கள்? தனியாள் இறக்குமதி 1980-களின் நடுவிலேயே நின்றுபோனது, அதனால்தான் அந்த விலை. பழகச் சுடுவதற்கே தோட்டா இல்லாத துப்பாக்கியை இடுப்பில் கட்டுவது பயம் கூட்டும் வேலை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

பெரிய ஆண் காட்டெருமை ஒரு டன் வரும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பெரிய மிருகத்துக்குக் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிற .375 ரைஃபிளின் ஆற்றல் 5,500 ஜூலுக்கு மேல். மேலே அண்ணன் சொன்ன .500 ரிவால்வர் கணக்குப் போட்டால் 3,600-க்குள்தான் வருகிறது, .44 அதில் பாதி கூட இல்லை. அடிபட்ட காட்டெருமையைத் தேயிலைக்குள் விட்டுவிட்டு மறுநாள் காலையில் இலை பறிக்கப் பெண்களை அனுப்ப முடியுமா? அந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

எங்கள் பக்கம் யானையோடே இருக்கிறோம். நல்ல டார்ச், வளைவில் சத்தம் கொடுத்துக்கொண்டு நடப்பது, நாய்களை அவிழ்த்து விடாமல் இருப்பது, ஆறு மணிக்கு மேல் தனியாகப் போகாமல் இருப்பது. லைன் வீட்டுப் பாதையில் உண்ணிச் செடியை வெட்டிப் பார்வை திறந்துவிட்டதில் கரடி எதிரே வந்து முட்டிக்கொள்வது எங்கள் தோட்டத்தில் குறைந்தது.

கோத்தகிரி தோட்டக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு நாலு அங்குல .44, முதல் இரண்டு பெட்டி ஸ்பெஷல் தோட்டா, இரண்டு ஸ்ப்ரே என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆர்மரர் ஐயா சொன்ன ஸ்கேல் விஷயத்தையும் அப்படியே எழுதினேன், அவர் இதுவரை கேள்விப்பட்டதில்லையாம்.

எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அடிபட்ட மாடும் இலை பறிக்கும் பெண்களும் என்று ஓவேலி அண்ணன் எழுதியதைப் படித்ததும் டீலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஆசை போகவில்லை, அடுத்த முறை அங்கே போகும்போது மறுபடி சுடுவேன், ஒரே ஒரு தோட்டா போட்டு. எங்கள் லைன் வீட்டுப் பாதை நானூறு மீட்டர் இருக்கும், இரண்டு பக்கமும் உண்ணி மண்டிக் கிடக்கிறது. வெட்டினால் மழைக்கு மறுபடி தழைக்கிறதே, ஓவேலி அண்ணா, நீங்கள் வேரோடு பிடுங்கினீர்களா, வெட்டி மட்டும் விட்டீர்களா?