மறு: மரத்தின் ‘ஃபிகர்’: கோலமா, வரியா, உருவமைவா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பலகையின் முகத்தில் அலையாகவும் குமிழாகவும் சுழியாகவும் இயற்கையாகவே தெரியும் அழகை ஆங்கிலத்தில் ‘ஃபிகர்’ என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. உருவமைவு, மரச்சித்திரம், இழைநயம், வரி, கோலம் என்று இதுவரை ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. என் ஓட்டு கோலத்துக்கு. நான் சேலத்தில் எலக்ட்ரிக் கிட்டார் செய்து கொடுக்கிறவன், மரம் வாங்கும்போதும் ஆர்டர் எழுதும்போதும் இந்தச் சொல் இல்லாமல் தினமும் முட்டிக்கொண்டு நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் மரக்கடைகளிலும் ஆசாரிகளிடமும், நார் ஓடும் திசைக்கும் சரி முகத்தின் அழகுக்கும் சரி, இருப்பது ரேகை என்ற ஒரே சொல். கிட்டாரில் இரண்டு இடத்துக்கு இரண்டு விதமான மரம் வேண்டும். நெக்குக்கு, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துக்கு, எடுக்கிற கட்டையில் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுவையை வருடக்கணக்கில் அதன்மேல் வைத்துக்கொண்டே இருக்கும், ரேகை குறுக்கே போனால் நெக் முறுக்கிக்கொள்ளும். பாடியின் மேல் ஒட்டுகிற பலகைக்கு இது அப்படியே தலைகீழ், அங்கே நார் எவ்வளவுக்கு நெளிந்து புரண்டு கிடக்கிறதோ அவ்வளவுக்கு விலை. இரண்டையும் ‘நல்ல ரேகை’ என்றே கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? நெக்குக்கு ‘நல்ல ரேகையா’ தேக்கு கேட்டதற்கு ஒரு டெப்போவிலிருந்து கூம்பு கூம்பாக ரேகை எழும்பிய பலகையை அனுப்பி வைத்தார்கள். கதவுக்கு அது அருமையான பலகை. அவர் காதில் விழுந்த பொருளில் அவர் சரியாகத்தான் அனுப்பினார்.

> ‘ஃபிகர்’ என்றே தமிழில் எழுதிவிட்டுப் போகலாமே, எல்லாருக்கும் புரியும்.

நண்பரே, கிட்டார்காரர்களுக்குப் புரியும். தெருவில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும். வீட்டு வாசற்கதவுக்கு ஒரு அம்மா மரம் பார்க்க வரும்போது அவரிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. நெக், பிக்அப், ஃபிரெட் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இது மரத்தைப் பற்றிய சொல், நம்மிடம் மரவேலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறது, இதற்காவது நம் சொல் வேண்டும்.

உருவமைவு பாடப்புத்தகத்துக்குச் சரி, பட்டறையில் யார் வாயிலும் நுழையாது. அதோடு அது எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும், செடிக்கும் மலைக்கும் எலும்புக்கும்கூட. மரச்சித்திரம் என்றால் மரத்தில் செதுக்கியது என்றே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். இழைநயம் கேட்க அழகுதான், ஆனால் ஆசாரியிடம் இழை என்றால் இழைப்புளியை எடுத்து இழைக்கத் தொடங்கிவிடுவார்.

மிச்சம் வரியும் கோலமும். வரி ‘டாக்ஸ்’ ஆகிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை, வரிக்குதிரையும் வரிப்புலியும் இருக்கிற மொழியில் அந்தக் குழப்பம் வராது. வரியை வேறொன்றுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்பதுதான் என் காரணம். மரத்தின் முகத்தில் நாம் பார்க்கிற அழகு இரண்டு வகை, ஆங்கிலத்தில் இரண்டையும் பல நேரம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள், நாமும் அதே குழப்பத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

ஒன்று நிறம். மக்காசர் கருங்காலியில் கறுப்பும் பழுப்பும் மாறி மாறி ஓடுவது, ஜீப்ராவுட்டின் பட்டைகள், பூஞ்சை பிடித்த மேப்பிளில் மை தொட்டு வரைந்த மாதிரி ஓடும் கருங்கோடுகள். இவை வரி.

இன்னொன்றுக்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. கச்சேரியில் வயலினைத் தூக்கும்போது அதன் முதுகுப் பலகையில் குறுக்குக் குறுக்காக வெளிச்சமும் நிழலும் அலையடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மேப்பிள். அந்த மரத்தில் நிறம் எங்கும் ஒன்றுதான். நார்கள் நேராக ஓடாமல் மேலும் கீழுமாக நெளிந்து வளர்ந்திருக்கின்றன, அந்த நெளிவை ரம்பம் நேராக வெட்டிவிடுகிறது, அதனால் ஒரு பட்டையில் நார் நம்மைப் பார்த்துச் சாய்ந்தும் அடுத்த பட்டையில் விலகிச் சாய்ந்தும் நிற்கிறது. இதைத்தான் கோலம் என்கிறேன். மரத்தின் உயிரணுக்கள் அடுக்கப்பட்ட விதத்தால் வருவது கோலம், நிறத்தால் வருவது வரி. பட்டறையில் இதற்குச் சோதனையும் எளிது: மரத்தை வெளுக்கிற ப்ளீச் போட்டால் நிறவரி மங்கும், கோலம் அப்படியே நிற்கும்.

> கோலம் என்பது வெளியிலிருந்து போடுவது. இது மரத்துக்குள்ளேயே இருப்பது. பொருந்தாது.

ஐயா, வாசற்கோலத்தை மட்டும் நினைத்தால் நீங்கள் சொல்வது சரி. மணக்கோலம், போர்க்கோலம், திருக்கோலம், அலங்கோலம் எல்லாம் யாரும் மாவால் போட்டவை இல்லையே. ஒன்று எந்தத் தோற்றத்தில் நிற்கிறதோ அது கோலம். அதோடு இந்தச் சொல் முன்னால் எதை ஒட்டினாலும் ஒட்டிக்கொள்கிறது, கலைச்சொல்லுக்கு அது பெரிய வசதி. வயலின் முதுகில் வருவது நெளிக்கோலம். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் வளரும் பிக்லீஃப் மேப்பிளில் மேடும் பள்ளமுமாகக் குமிழ் குமிழாகத் தோன்றும், தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், அது குமிழ்க்கோலம். சுகர் மேப்பிளில் சின்னச் சின்னச் சுழிகளாக வருவதைப் பறவைக்கண் என்று மொழிபெயர்க்க வேண்டாம், சுழிக்கோலம் போதும். சுழி நம் ஆசாரிகளுக்கும் மாட்டுக்காரர்களுக்கும் தெரிந்த சொல்.

இன்னொரு வசதி: கோலம் ‘விழும்’, ‘எழும்பும்’ என்று வினையும் தானாக வருகிறது. எப்படி அறுத்தால் கோலம் விழும் என்பது இந்தத் தொழிலில் பாதி அறிவு. மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரத்தில் அறுத்தால் நெளிக்கோலம் நன்றாக விழும். குமிழ்க்கோலத்துக்கு அதே வெட்டு போட்டால் வீண், அதற்கு வளையத்தைத் தொட்டுக்கொண்டு போகிற வெட்டுதான் வேண்டும். மரத்தைத் திருப்பிப் போட்டு அறுத்தால் ஆயிரக்கணக்கில் விலைபோகிற கட்டை சாதாரணப் பலகை ஆகிவிடும்.

> இதெல்லாம் வெளிநாட்டு மரத்துக்குத்தானே? நம்மிடம் இல்லாத பொருளுக்குச் சொல் எதற்கு?

இதற்குத்தான் கொஞ்சம் ஆத்திரத்தோடு பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நம்மிடம் இருப்பதை நாமே பார்ப்பதில்லை. ஈழத்தில் முதிரை என்று சொல்லும் பொரசு மரத்தில் நார் ஒரு வளர்ச்சியில் ஒரு பக்கமும் அடுத்த வளர்ச்சியில் மறுபக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டு வளரும், ஆரத்தில் அறுத்தால் ரிப்பன் ரிப்பனாகப் பட்டுப் பளபளப்பு. மேசை நாற்காலிக்காக அதை ஐரோப்பாவுக்குக் கப்பலில் ஏற்றிய காலம் உண்டு. நெளிந்த நார் உள்ள செம்மரத்துக்கு ஜப்பானில் சாமிசென் என்ற கம்பி வாத்தியம் செய்கிறவர்களிடம் தனி மதிப்பு.

அப்புறம் நம் சேர்வராயன் மலை. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், உடம்பெல்லாம் மிளகுக்கொடி சுற்றி நிற்கும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலிருந்து வந்த மரம், பெயரில் ஓக் இருந்தாலும் ஓக்குக்கும் அதற்கும் உறவில்லை. இங்கே அது பிளைவுட்டுக்கும் பெட்டிப் பலகைக்கும்தான் போகிறது. நடுமரத்திலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்கள் இதில் மிகத் தடிமனானவை. சாமில்லில் வழக்கம்போல் அறுத்தால் கதிர்களின் முனை மட்டும் சிறு கீற்றுகளாகத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆரத்தில் அறுத்துப் பாருங்கள், கதிர்கள் பக்கவாட்டில் திறந்துகொண்டு பலகை முழுக்க மீன் செதில் அடுக்கியது போல வெளிறிய திட்டுகளாகப் பளபளக்கும். துல்லியமாக ஆரத்தில் போனால் திட்டு பெரிதாகி நீளும், ரம்பத்தைக் கொஞ்சம் சாய்த்தால் சிறிதாகி நெருங்கும். வெளிநாட்டில் இதே மரத்தை லேஸ்வுட் என்று பெயர் வைத்துத் தனி விலைக்கு விற்கிறார்கள். இதைக் கதிர்க்கோலம் என்று சொல்லலாம். இந்த மரத்தில் மேல்பலகை செய்யத் துணிகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: இழைப்புளியில் அந்தத் திட்டுகள் பெயர்ந்துகொண்டு வரும், கடைசி ஓட்டத்தைச் சுரண்டித் தகட்டில் முடியுங்கள். தூள் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு கண்டு தடித்துவிடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன், என்னைப் பொறுத்தவரை இது முதலாவதைவிட முக்கியம். பலகையை அசைத்தால் வெளிச்சமும் சேர்ந்து நகர்கிறதே, அதற்குப் பூனைக்கண் ஒளி என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர் பூனைக் கண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார் என்பதற்காக நாமும் பூனையைத் தேடிப் போக வேண்டாம். வைரத்துக்கும் முத்துக்கும் நீரோட்டம் பார்ப்பது நம் வழக்கம். கல்லுக்குள் ஒளி ஓடுவதைக் குறிக்கும் ஆகிவந்த சொல் அது, மரத்துக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். ‘இந்தப் பலகையில் நீரோட்டம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள், நகைக்கடை வாசலை மிதித்த யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. தேசிய நீரோட்டம், நிலத்தடி நீரோட்டம் எல்லாம் இருக்கிறதே என்றால், அவை பேச்சில் அவற்றின் இடத்தில் வரும், இது இதன் இடத்தில் வரும்.

கோலம் வேறு நீரோட்டம் வேறு என்பதற்குக் கிட்டாரிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1958 முதல் 1960 வரை கிப்சன் கம்பெனி செய்த சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிறி ஓரம் கருத்து, மரம் தெரியும்படி போடும் நிறம்) லெஸ் பால் கிட்டார்களின் படத்தை எடுத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் மேல்பலகை மேப்பிள்தான், ஆனால் தங்க நிறப் பெயின்ட் அடித்து மூடிவிட்டார்கள், சன்பர்ஸ்ட் வந்த பிறகுதான் மரம் வெளியே தெரிந்தது. அவற்றில் பெரும்பாலும் ஒரே கட்டையைத் தடிமனில் இரண்டாகப் பிளந்து இடமும் வலமுமாக விரித்து ஒட்டியிருப்பார்கள். நடுக்கோட்டுக்கு இருபுறமும் கோலம் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றாக இருக்கும். நீரோட்டம் ஒன்றாக இருக்காது. ஒரு பாதியைப் புரட்டிப் போட்டதால் நாரின் சாய்வும் புரண்டுவிட்டது, இடப்பக்கம் பளிச்சென்று இருக்கும்போது வலப்பக்கம் மங்கும், கிட்டாரைத் திருப்பினால் வலப்பக்கம் எரியும், இடப்பக்கம் அணையும். பட்டறையில் டியூப்லைட்டை அணைத்துவிட்டு, பலகையை ஸ்பிரிட்டில் துடைத்து, ஈரம் காய்வதற்குள் ஒரு ஓரத்தில் செல்போன் டார்ச்சைப் பிடித்து மெதுவாக மறுஓரத்துக்கு நகர்த்தினால் இது கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி தெரியும். ஒரே கோலம், எதிரெதிர் நீரோட்டம். வாடிக்கையாளர் ‘ஒரு பக்கம் நிறம் கம்மியா இருக்கே’ என்று கேட்கும்போது இந்த நான்கு வார்த்தை இருந்தால் நான் அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

சாயம் போடும்போதும் இந்தப் பிரிவு உதவும். நெளிக்கோலத்தில் நாரின் வாய் திறந்து நிற்கும் இடம் சாயத்தை அதிகம் குடிக்கும், அதனால் முதலில் கறுப்பைப் பூசித் தேய்த்து எடுத்துவிட்டு மேலே நிறம் போட்டால் கோலம் தூக்கலாக வரும். அதையே கறுப்பு அதிகமாகிப்போகிற அளவுக்குச் செய்தால் கோலம் நிலைத்து நீரோட்டம் செத்துவிடும், எங்கிருந்து பார்த்தாலும் அச்சடித்த மாதிரி ஒரே முகம். எனக்கு அது பிடிப்பதில்லை. அதை விரும்பிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே என் பக்கத்திலிருந்து ரேகை, வரி, கோலம், நீரோட்டம் என்று நான்கு. ரேகையை யாரும் தொட வேண்டாம், நார் ஓடும் திசைக்கு அது அப்படியே இருக்கட்டும்.

முடிவாகாமல் நிற்பது, அடிமரத்தில் புடைத்து வளரும் முண்டுக்குள் கிடைக்கும் அந்தச் சுருண்ட கோலம். முண்டுக்கோலம் என்று நான் எழுதிவருகிறேன். கழலைக்கோலம் என்று சென்ற வாரம் வந்த பரிந்துரை துல்லியமானது, ஆனால் நோயின் பெயர் போல ஒலிக்கிறது, கிட்டார் வாங்குகிறவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. கொல்லிமலை, கல்வராயன்மலைப் பக்கம் உள்ளவர்கள் அந்தப் புடைப்புக்கு ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வட்டாரச் சொல் ஒன்று கிடைத்தால் இரண்டையும் விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
சேலத்திலிருந்து