பார்லருக்குள் கருவாட்டு வாடை, வேலை செய்யும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

மாங்கனி ஊர்க்காரி, கிருஷ்ணகிரி:
ரவுண்டானா பக்கம் மாடியில் சின்ன பார்லர் வைத்திருக்கிறேன், இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். முன்னால் மூன்று நாற்காலி, தடுப்புக்குப் பின்னால் ஃபேஷியல் கட்டில், அதற்கும் பின்னால் சிங்க் மூலையில்தான் எங்கள் சாப்பாடு. போன வாரம் ஒரு பெண் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருந்தாள். டப்பாவைத் திறந்ததுமே வாடை முன்பக்கம் வந்துவிட்டது. ரூம் ஸ்ப்ரே அடித்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. அப்புறம் அவள் புருவம் எடுக்கக் குனிந்தபோது கஸ்டமர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார், ஃபேஷியலும் செய்துகொள்வதாக இருந்தவர் இன்னொரு நாள் வருகிறேன் என்று போய்விட்டார். தங்கமான பிள்ளை. பர்கூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள், வரும்போதே வேர்த்து நனைந்திருக்கும். மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

பார்லர் அக்கா, தர்மபுரி:
முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், வாடையை வெளியே தள்ளாது. சிங்க் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், அது ஓடும்போது முன்பக்கம் ஒரு ஜன்னலாவது கொஞ்சம் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சும்மா சுற்றும். நாங்கள் மொட்டைமாடிப் படியில்தான் சாப்பிடுகிறோம், டப்பாவை அப்போதே கழுவிவிடுவோம். களிக்கு வாடை ஏது, குழம்புதான் பிரச்சினை, கருவாட்டை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம், நீங்களும்தான். பூண்டும் அப்படியே, பல் தேய்த்தாலும் போகாது, அதிலிருக்கும் கந்தகப் பொருள் ரத்தத்தில் கலந்து மணிக்கணக்கில் மூச்சில் வரும்.

இன்னொன்று, அவள் நூலைப் பல்லில் கடித்தா புருவம் எடுக்கிறாள்? கழுத்தில் மாட்டி எடுக்கப் பழக்குங்கள். வாயில் நூல் இருந்தால் மாஸ்க் போட முடியாது, எச்சில் பட்ட நூல் அடுத்தவர் முகத்துக்குப் போவதும் சரியில்லை. எங்கள் பெண்களுக்குக் கை பழக ஒரு மாதம் ஆனது, இப்போது எல்லோரும் அப்படித்தான்.

பாலக்கோட்டுப் பெண்:
நான் பார்லரில் வேலை செய்தவள். கஸ்டமர் உட்கார்ந்திருக்கும்போதே ஓனர் "குளிச்சிட்டுத்தான் வந்தியா?" என்று கேட்டார், அன்றோடு நின்றுவிட்டேன். குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். புது வியர்வைக்கு அவ்வளவாக வாடை கிடையாது, அக்குளில் இருக்கும் கிருமிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது, பாலியஸ்டர் யூனிபார்ம் என்றால் வாடை துணியிலேயே தங்கிவிடும். இரண்டு காட்டன் கோட் வாங்கிக் கடையிலேயே வையுங்கள். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி உடை மாற்றப் பத்து நிமிடம் கொடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். கடை சாத்தும்போது தனியாகச் சொல்லுங்கள், கஸ்டமர் சொன்னார் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதுதான் ரொம்ப வலிக்கும்.

மாங்கனி ஊர்க்காரி, கிருஷ்ணகிரி:
நேற்று சாயங்காலம் பேசினேன். கொஞ்ச நேரம் தலை நிமிராமல் துண்டுகளை மடித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "இங்கயே கழுவிக்கலாம்னுதான் இருந்தேன் அக்கா, பாத்ரூம் தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது, பயமா இருக்கு" என்றாள். அந்தத் தாழ்ப்பாள் கெட்டு எத்தனை நாளாயிற்றோ, நான் கவனிக்கவே இல்லை. இன்று காலை ஆளைக் கூப்பிட்டுப் புதிதாகப் போட்டுவிட்டேன், காட்டன் கோட்டுக்கு அளவும் கொடுத்தாயிற்று. தர்மபுரி அக்கா, பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டீர்கள்?